லுவான் என்று கூப்பிட்டால்

அத்தியாயம் 14

போன வாரம் ஸமீராவை மாவு ஒட்டிய கையோடு அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். புருஷனிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். "அவன் தீவுலேர்ந்து வரட்டும், உக்கார வெச்சுச் சொல்லிடறேன்" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் இரண்டு தடவை வந்தான், சாப்பிட்டான், தூங்கினான், போனான். இவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸமீராவும் ஸ்கெந்தரும் என்னைப் போலவே அல்பேனியாக்காரர்கள். கோர்ச்சாவுக்குப் பக்கத்து மலைக் கிராமம். இங்கே கிரீசில், வோலோஸ் துறைமுகத்துக்கு மேலே, எங்கள் தெருவில், எவாந்தியாம்மாவின் மூன்று மாடி வீட்டுக்கு அடியில் பாதி மண்ணுக்குள் இருக்கிற இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முழங்கால் வரைக்கும்தான் தெரியும். ஸ்கெந்தர் ஸ்கியாத்தோஸ் தீவில் ஓட்டல் கட்டுகிற மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறான். ஸமீரா ஐந்து வீட்டு மாடிப்படிகளைக் கழுவுகிறாள். பையனுக்கு ஏழு வயது நடக்கிறது. பெண் எலிராவுக்கு ஐந்து.

பையனின் பெயரில்தான் வந்தது வினை.

பிறந்தபோது வைத்த பெயர் லுவான். அது ஸ்கெந்தரின் தம்பி பெயர். தொண்ணூற்றொன்று ஜனவரியில் அண்ணனும் தம்பியும் இன்னும் நாலு பேரோடு மலையைத் தாண்டி கிரீசுக்கு நடந்து வந்தார்கள். பத்தொன்பது வயது லுவான் பனியில் செத்துப் போனான். அண்ணன் மடியில் உயிர் போயிற்று என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் புதைத்தார்கள். பெற்ற அப்பா நெவ்ரூஸுக்கு விசா கிடைக்காததால் அந்தக் குழியை அவர் இன்றுவரை பார்த்ததில்லை. ஆறு மாதம் கழித்து ஊரில் ஸமீராவுக்குப் பையன் பிறந்தான். என்ன பெயர் வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை.

கிழவர் நெவ்ரூஸ் இன்னமும் அங்கேதான் தனியாக இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் நாலு மணிக்குக் கிராமத்துக் கடையில் இருக்கிற போனுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். இவர்கள் சதுக்கத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கூப்பிடுவார்கள். கிழவர் "லுவான்!" என்று கத்துவார். பையன் "இங்க இருக்கேன் தாத்தா" என்பான். கிழவர் அழுவார். அவ்வளவுதான் பேச்சு. அதைக் கேட்க ஒரு மணி நேரம் நடந்து வருகிறார், கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் திரும்பி நடக்கிறார்.

இன்றைக்கும் சனிக்கிழமை. அதிலும் பெரிய சனிக்கிழமை, விடிந்தால் ஈஸ்டர்.

ஸமீரா போட்ட கணக்கு சுலபமானது. எவாந்தியாம்மா மதியம் வந்துவிட்டுப் போய்விடுவாள். ஸ்கெந்தர் சாயங்காலக் கப்பலில் வருவான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

பதினொன்றரைக்கு ஜன்னலில் இரண்டு சிமெண்டுக் கறைக் கால்கள் வந்து நின்றன.

"அப்பா!" என்று எலிரா ஓடினாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?" ஸ்கெந்தர் பையை வாசலிலேயே போட்டான்.

"சாயங்காலம்னுதானே சொன்னே?"

"காலைக் கப்பல்ல ஒரு இடம் இருந்துச்சு. மேஸ்திரி, 'போய் உன் பிள்ளைங்களைப் பாருடா யோர்கோஸ்'னு தள்ளி விட்டுட்டாரு. வேணாம்னா சொல்லு, அடுத்த கப்பல்ல ஏறிடறேன்."

யோர்கோஸ் என்பதும் இவன்தான். எங்கள் தெரு ஆண்களுக்கெல்லாம் இரண்டு பெயர். என் வீட்டுக்காரர் மீன் மார்க்கெட்டில் கோஸ்தாஸ், வீட்டுக்கு வந்தால் பெஹார். வேலை கேட்டுப் போன முதல் நாளே மேஸ்திரி "உன் பேரு என் வாயில நுழையாது, நீ யோர்கோஸ்" என்று சொல்லிவிட்டாராம். ஸ்கெந்தர் சரி என்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டானாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

"லுவான் எங்கே?"

"சதுக்கத்துல பந்து ஆடறான்."

"அப்பா, அண்ணனுக்குப் பெரிய மெழுகுவர்த்தி வரப் போவுது. நீலக் கலரு. எனக்குக் கிடையாதாம்" என்றாள் எலிரா.

"என்ன மெழுகுவர்த்தி?"

"பள்ளிக்கூடத்துல குடுப்பாங்க" என்றாள் ஸமீரா. பொய்க்கு மேல் இன்னொரு பொய். "நீ முதல்ல குளி. தலையெல்லாம் சுண்ணாம்பு."

அவன் குளிக்கப் போனான். இவள் கீரையை மாவுத் தாளுக்குள் வைத்து மடித்துக்கொண்டே, இப்போதே மாடிக்கு ஓடிப் போய் எவாந்தியாம்மாவைத் தடுக்கலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஸ்கெந்தர்தான் திறந்தான்.

எவாந்தியாம்மா கறுப்பு உடுப்பில் நின்றாள். ஒரு கையில் நீல நாடா கட்டிய நீள மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் செருப்புக் கடைப் பெட்டி. அக்குளில் ஒரு பெரிய சாக்லெட் முட்டை.

"அட யோர்கோஸ், நீயும் வந்துட்டியா! ரொம்ப நல்லதாப் போச்சு. ஃபோத்திஸ் எங்கே?"

ஸ்கெந்தருக்கு முகம் மாறியது.

ஃபோத்திஸ் எவாந்தியாம்மாவின் ஒரே பிள்ளை. நாலு வருஷம் முன்னால் துறைமுகச் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனவன். படிக்கட்டு குறுகல் என்பதால் சவப்பெட்டியைச் செங்குத்தாகச் சாய்த்து இறக்க வேண்டியிருந்தது. அப்போது அடிப்பக்கம் தோள் கொடுத்தவன் இந்த ஸ்கெந்தர்தான்.

"எவாந்தியாம்மா" என்றான், ரொம்ப மெதுவாக. "உள்ள வாங்க. முதல்ல உக்காருங்க. ஸமீரா, தண்ணி கொண்டா."

"எனக்கு எதுக்குத் தண்ணி? பிள்ளையைக் கூப்பிடு."

அவன் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பண்டிகை நாள் வந்தா மனசு இப்படித்தாம்மா பண்ணும். எனக்கும் பண்ணும். ஃபோத்திஸ் இல்லைம்மா. நாமதானே கொண்டுபோய் வெச்சுட்டு வந்தோம்? ஞாபகம் இருக்குல்ல?"

ஸமீரா தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள். அந்த நிமிஷம் தரை பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எவாந்தியாம்மா கையை உருவிக்கொண்டாள். "ஏன்டா, எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சியா? என் பிள்ளை செத்தது எனக்குத் தெரியாதா? நான் கேக்கறது உன் பிள்ளையை."

"என் பிள்ளை லுவான்."

"யாரு?"

அதே நேரம் தெருவில் பந்து உருளும் சத்தம். ஜன்னலில் சின்னக் கால்கள். எவாந்தியாம்மா ஜன்னலைப் பார்த்து, தன் பிள்ளையைக் கூப்பிட்ட அதே குரலில், "ஃபோத்திஸ்!" என்றாள்.

"வந்துட்டேன் ஞானம்மா!"

பையன் படியிறங்கிப் பாய்ந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஞானஸ்நானம் செய்துவைத்த ஞானத்தாய்தான் ஈஸ்டருக்குப் பிள்ளைக்கு மெழுகுவர்த்தியும் செருப்பும் வாங்கித் தருவது இங்கே வழக்கம். கழுத்தில் தங்கச் சிலுவை ஆடியது. அப்பா வரும்போதெல்லாம் அதைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்லியிருந்தாள் ஸமீரா. இன்றைக்கு நேரமில்லை. மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் அப்பாவைப் பார்த்தான்.

எவாந்தியாம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"இவனுக்குத் தெரியாதா?"

ஸமீரா தலை குனிந்தாள்.

"சம்மதம்னு சொன்னியேடி. சாமியார்கிட்ட இவன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினியே?"

"அந்தக் கையெழுத்து நான் போட்டது."

எவாந்தியாம்மா முட்டையை மேசையில் வைத்தாள். செருப்புப் பெட்டியையும் வைத்தாள்.

"நாலு வருஷமா அந்தப் பேரை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. உங்கிட்ட வந்து நான் கேட்டேனா? நீதான் வந்து அழுதே, ஒரு பேரு குடுங்கன்னு. என் பிள்ளை பேரை எடுத்துக் குடுத்தேன். அதையும் திருட்டுத்தனமாவா வாங்கினே?"

"எவாந்தியாம்மா..."

"பேசாதே. பண்டிகை நாள் அதுவுமா என்னைப் பேச வைக்காதே."

வெளியே போனாள். ஜன்னல் வழியே அவளுடைய கறுப்புச் செருப்புகள் தெரிந்தன. மாடிப்படி ஏறப் போகாமல் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தன.

"உள்ள போங்க ரெண்டு பேரும்" என்றான் ஸ்கெந்தர் பிள்ளைகளிடம். பையன் மெழுகுவர்த்தியைக் கட்டிப் பிடித்தபடி போனான். எலிரா சாக்லெட் முட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"எப்ப?"

"பிப்ரவரியில."

"நான் வந்தேனே நடுவுல. ரெண்டு தடவை."

"சொல்லத்தான் நினைச்சேன்."

"சாமி கும்பிடறதைப் பத்திக் கேக்கலை ஸமீரா. எந்தச் சாமியா இருந்தா என்ன, எனக்கு ஒண்ணுமில்லை. எண்ணெய் பூசட்டும், தண்ணியில முக்கட்டும். பேரை ஏன்டி தொட்டே?"

"உனக்கு யோர்கோஸ் ஆகலாம், அவனுக்கு ஆகக்கூடாதா?"

"என் பேரு என்னுது, நான் குடுத்தேன். அவன் பேரு என்னுதும் இல்லை, உன்னுதும் இல்லை. செத்தவனோடது."

"ஆமா, செத்தவனோடது. அதைத்தான் நானும் சொல்றேன்!" ஸமீரா குரல் உயர்ந்தது. "பிள்ளை உயிரோட இருக்கான் ஸ்கெந்தர். அவனைப் பாரு. நீ தீவுல இருந்தே, உனக்குத் தெரியாது. போன வருஷம் நான் மூணாவது வீட்டுப் படி கழுவிட்டிருக்கேன். இவன் பள்ளிக்கூடம் விட்டு வர்றான். ஒரு அம்மா, 'உன் பேரு என்னடா கண்ணு'ன்னு கேக்கறா. நான் இருக்கறது தெரியாம 'நிக்கோஸ்'ங்கறான். அடுத்த வாரம் ரொட்டிக் கடையில 'தாசோஸ்'ங்கறான். அப்புறம் ஒருத்தர்கிட்ட 'பானோஸ்'. ஆறு வயசுப் பிள்ளை தெருத் தெருவாப் போய் ஒரு கிரேக்கப் பேரு தேடிட்டிருந்தான். அவனா தேட வேணாம்னு நான் தேடிக் குடுத்தேன்."

ஸ்கெந்தர் செருப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"ஞானஸ்நானத்துக்கு அவன் வகுப்புப் பசங்க ஒன்பது பேரு வந்தாங்க. இந்த வீட்டு வாசல்ல அதுவரைக்கும் ஒரு பிள்ளை வந்து நின்னதில்லை. 'ஃபோத்திஸ் இருக்கானா?'ன்னு இப்ப வந்து கேக்கறாங்க. அதைக் கேட்டுட்டு நான் சமையல்கட்டுல நின்னு அழுதிருக்கேன். சந்தோஷத்துல."

நான் யார் பக்கம் என்று கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள். ஸமீரா செய்தது தப்பு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் பெரியவளை நான் பள்ளிக்கூடத்தில் என்ன பெயரில் சேர்த்தேன் என்பதை என் மாமியார் கண்ணை மூடும்வரைக்கும் அவரிடம் சொல்லவில்லை.

"நாலு மணிக்கு எங்கப்பா போன் பக்கத்துல வந்து உக்காருவாரு. என்ன சொல்லப் போறே?"

"இத்தனை வாரமும் பதில் சொல்லிட்டுத்தானே இருந்தான்? நீ இல்லாதப்பவும் நான் கூட்டிட்டுப் போய்ப் பேச வெச்சேன். அதுல நான் குறை வைக்கலை. தாத்தாவுக்கு அவன் எப்பவும் லுவான்தான். இன்னைக்கும் சொல்லுவான்."

"சொல்ல மாட்டேன்."

பையன் உள் அறை வாசலில் நின்றான். கிரேக்கத்தில்தான் பேசினான். கொஞ்ச நாளாக வீட்டிலும் அதுதான் அவன் பேச்சு.

"ஏன்டா கண்ணு?" ஸமீரா அருகே போனாள்.

"ராத்திரி கோயில்ல நற்கருணை அப்பம் வாங்கப் போறேன். இந்த வாரம் பொய் சொன்னவங்க வாங்கக் கூடாதுன்னு சாமியார் சொல்லியிருக்காரு. நான் புதன்கிழமையிலேர்ந்து ஒரு பொய்யும் சொல்லலை. எலிரா பென்சிலை உடைச்சதைக்கூட நான்தான்னு சொல்லிட்டேன்."

"இது பொய் இல்லைடா" என்றான் ஸ்கெந்தர்.

"அப்ப நான் ஃபோத்திஸ் இல்லையா?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வாரம் சொன்னியே?" என்றாள் ஸமீரா.

"போன வாரம் பெரிய வாரம் இல்லையே."

ஸ்கெந்தர் கீழே உட்கார்ந்தான், பையனின் கண்ணுக்கு நேராக. "தாத்தா உனக்காக ஒரு மணி நேரம் நடந்து வர்றாருடா. ஒரு வார்த்தை. இருக்கேன் தாத்தான்னு."

"எனக்காக இல்லை." பையன் குரலில் கோபம்கூட இல்லை, ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னான். "நான் என்ன படிக்கிறேன்னு தாத்தா ஒரு தடவையும் கேட்டதில்லை. எனக்குப் பல்லு விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது. பேரைக் கூப்பிடுவாரு. நான் இருக்கேன்னா அழுவாரு. ஞானம்மாவும் என்னைக் கூப்பிட்டா அழறாங்க. ஆனா அவங்க என் பல்லைப் பாத்தாங்க."

ஸ்கெந்தர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழு வயசுப் பிள்ளைக்குச் செத்துப் போன இரண்டு வாலிபர்களின் பெயர். இந்த நாட்டில் நாங்கள் என்னென்னவோ சுமந்தோம், மூட்டை சுமந்தோம், செங்கல் சுமந்தோம். பிள்ளைகள் சுமந்ததை நாங்கள் எடை போட்டுப் பார்க்கவில்லை.

"எப்படியும் போகணும்" என்றான் ஸ்கெந்தர். "அப்பா காத்துட்டிருப்பாரு."

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான்கு பேரும் தெருவில் போவதை என் பால்கனியிலிருந்து பார்த்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "பண்டிகைக்கு எல்லாரும் ஒண்ணா எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அவர்கள் நடந்த விதத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கப்புறம் நடந்ததை ஸமீரா சொன்னபடி சொல்கிறேன்.

சதுக்கத்தில் கூட்டம். ஆட்டுக்குட்டி இறைச்சியைத் தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ரொட்டிக் கடையில் வரிசை நிற்கிறது. ஸ்கெந்தர் கூண்டுக்குள் போய் போன் கார்டைச் செருகினான். கார்டில் கொஞ்சம்தான் மிச்சம் என்று ஸமீராவுக்குத் தெரியும். புதிதாக ஒன்று வாங்கிவர வேண்டும் என்று காலையில் நினைத்திருந்தாள், அது எங்கே ஞாபகம் வந்தது?

மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

ஸ்கெந்தர் ஒரு வார்த்தையும் பேசாமல் பையனைத் தூக்கி, போனை அவன் காதில் வைத்தான். கிழவருக்குக் காது மந்தம், கத்தித்தான் பேசுவார். வெளியே நின்ற ஸமீராவுக்கே கேட்டது.

"லுவான்!"

பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"லுவான்! கேக்குதா? தாத்தாடா!"

பையன் அப்பாவைப் பார்த்தான். கண் நிறைய நீர். வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் இல்லை அது. ராத்திரி நற்கருணை வாங்க வேண்டுமே என்ற பயம்.

"சொல்லுடா" என்றாள் ஸமீரா. "சாமிகிட்ட அம்மா மன்னிப்புக் கேட்டுக்கறேன்டா. பாவம் எனக்கு வரட்டும். சொல்லு."

"லுவான்! லுவான்! ஏன் பேச மாட்டேங்கறே?"

எலிரா அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஸ்கெந்தர் பையனை இறக்கிவிட்டுப் போனைத் தன் காதுக்குக் கொண்டுபோனான். "அப்பா, நான்தான்."

"ஸ்கெந்தர், பையன் எங்கே? அவன் ஏன் பதில் சொல்லலை? அவனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைப்பா."

"என்கிட்ட மறைக்காதே! எங்கே அவன்? அவனை எங்கேடா விட்டுட்டு வந்தே?"

ஏழு வருஷத்தில் நெவ்ரூஸ் மூத்த மகனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஒரு தடவைகூட. அழுதிருக்கிறார், விழுந்து கிடந்திருக்கிறார், கேட்டதில்லை. இப்போது அவர் கேட்டது பேரனைப் பற்றித்தான். அது ஸ்கெந்தருக்கும் தெரியும். ஆனால் அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை ஸமீரா பார்த்தாள்.

"எங்கேடா விட்டுட்டு வந்தே?"

"பாறைக்குப் பின்னாலப்பா" என்றான் ஸ்கெந்தர்.

ஸமீரா திரும்பிப் பார்த்தாள்.

"அவனால நடக்க முடியலைப்பா. கால் மரத்துப் போச்சு. கூட வந்தவங்க நிக்க மாட்டேன்னுட்டாங்க. பாறைக்குப் பின்னால உக்கார வெச்சேன். ரொட்டியைக் கையில குடுத்தேன். தூங்கிடாதே, ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். உயிரோடதான் இருந்தான். என் மடியில சாகலை. நான் உங்ககிட்ட சொன்னது பொய்."

கூண்டுத் திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"கொஞ்ச தூரம் போனதும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை, மூணு தடவை. திரும்பினா போக முடியாதுன்னு... நான் பதில் சொல்லலைப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போயிட்டேன். மத்தியானம் ஆளுங்களோட வந்து, மலை பூரா அவன் பேரைக் கத்தினேன்..."

போன் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. கார்டு தீர்ந்துவிட்டது.

அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பத்து வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவள், தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூண்டுக்கு வெளியே நின்றாள். தன் பிள்ளைக்கு வைத்த பெயர் எதற்கு வைத்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேரனுக்கு வேண்டும் என்று கிழவர் கேட்ட பெயர் இல்லை அது. சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று இவன் வைத்த பெயர்.

"அப்பா" என்று பையன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அல்பேனிய மொழியில் பேசினான். "அப்பா, நான் சொல்றேன். திரும்பப் போடு. நற்கருணை அடுத்த வருஷம் வாங்கிக்கறேன்."

ஸமீராவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பையன் கையில் எலிராவைக் கொடுத்துவிட்டு, மாவு ஒட்டிய ஏப்ரனோடு பெட்டிக்கடைக்கு ஓடினாள். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் புது கார்டு வாங்கினாள். யாரோ திட்டினார்கள். திரும்பி வந்து, தானே செருகி, தானே எண்ணை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. ஸ்கெந்தர் கூண்டின் கண்ணாடியில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பையன் தயாராக எக்கி நின்றான், உதட்டில் வார்த்தையோடு.

எடுத்தது கடைக்காரன்.

"நெவ்ரூஸ் மாமாவைக் குடுங்க" என்றாள் ஸமீரா. "சீக்கிரம். பையன் பேசணுங்கறான்."

"மாமா இல்லைம்மா."

"வீட்டுக்குக் கிளம்பிட்டாரா?"

"அதான் எனக்கும் புரியலை. போனை வெச்சாரு. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம் என்கிட்ட ஒரு ரொட்டியும் ஒரு கம்பளியும் வாங்கிக்கிட்டாரு. வீட்டுப் பக்கம் போகலைம்மா, மலைப் பக்கமா ஏறறாரு. இங்கேர்ந்து பாத்தா இன்னும் தெரியுது. மேல பனி கரையலை, இந்த வயசுல எங்கே போறீங்கன்னு கேட்டேன். லுவான் உயிரோடதான் இருந்தானாம், பாறைக்குப் பின்னால உக்காந்திருக்கானாம், போய்க் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறாரு."